நெய்வேலியிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு

விருத்தாசலத்திலிருந்து வடலூர் போகும் பஸ்ஸில் கொஞ்ச நேரத்துக்கு முந்திரித் தோப்பும் செம்மண்ணும்தான் கூடவே வரும். மந்தாரக்குப்பத்தை நெருங்கும்போது அடிவானத்தில் குன்றுகள் தென்படும். தென்னார்க்காட்டின் இந்தச் சமவெளியில் இயற்கையான குன்றுகள் கிடையாது. இவை சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேல்மண். அறுபது வருஷத்துக்கும் மேலாகக் குவிந்த மண்ணில் இப்போது மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஆர்ச் கேட்டில் இறங்கி டவுன்ஷிப்புக்குள் நடந்தால் ஊரின் முகமே வேறு. நேரான சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், எண் போட்ட வட்டங்கள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ் வீடுகள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் மட்டும் சாலை நிறைந்து வழியும்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுக்கிறோம், திடப்படுத்தலில் அதைத் திரும்பச் சொல்கிறோம், திருமணத்தில் இன்னொரு வாக்கு. சொன்னபடி கீழ்ப்படிந்து வாழ்வது என்றால் என்ன, அது எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் என்பது எனக்குப் பல வருஷக் கேள்வி. பிரசங்கங்களில் இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் குடிக்காதே, சினிமாவுக்குப் போகாதே, காணிக்கையைத் தவறவிடாதே என்பதோடு நின்றுவிடும். நெய்வேலியில் ஒரு சபை மூப்பர் இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள் என்று போதகராக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மூப்பர் மாலையில்தான் வரச் சொல்லியிருந்தார். பகல் நேரத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்தேன். அனுமதி வாங்கினால் பார்வையாளர் மேடை வரை போகலாம். மேலேயிருந்து பார்க்கும்போது சுரங்கம் என்ற சொல் அதற்குப் பொருந்தவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை படிப்படியாக இறங்கும் திறந்த பள்ளம் அது. மேலே செம்மண், அடுத்து வெளிர் மணற்பாறை, அதன் கீழ் சாம்பல் நிறக் களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்த பட்டையாகப் பழுப்பு நிலக்கரி. ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டி எடுத்து கன்வேயர் பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கடலூர் மணற்பாறை கெட்டியாக இருக்கும் இடங்களில் வெடி வைத்துத் தளர்த்திவிட்டுத்தான் வீலே இறங்க முடியும். இதைவிடப் பெரிய சவால் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆரம்ப காலத்தில் நெய்வேலித் திட்டம் நடக்குமா என்று பொறியாளர்கள் தயங்கியதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது என்பதிலிருந்துதான் இந்த ஊர் தன் கதையைத் தொடங்குகிறது. முதலமைச்சராக இருந்த காமராஜர் விடாமல் டெல்லியை வலியுறுத்தினார். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி முகம் காட்டியது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் மின்சாரம் தென்மாநிலங்கள் எங்கும் போகிறது. எத்தனையோ ஊர்களில் முதல் பல்பை எரியவைத்தது இந்தப் பள்ளம்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

மேடையில் நின்றபோது ஜே.சி. குமரப்பாவின் நினைவு வந்தது. 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது வீட்டார் வைத்த பெயர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிய ஆய்வு. இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில அரசின் வரியும் செலவும் எப்படிக் காரணம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது. 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போயின, கொர்னேலியஸ் என்ற பெயரும் போயிற்று. ஆனால் கிறிஸ்துவை அவர் விடவில்லை. கிறிஸ்துவின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதால்தான் இந்த வழிக்கு வந்ததாகச் சொன்னார். உப்புச் சத்தியாகிரகத்தின்போது நிராயுதபாணிகள் மீது விழுந்த தடியடியைக் கண்டு கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிகளுக்கும் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். மலைப்பிரசங்கத்தை நம்புகிற நீங்கள் இப்போது யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதே அதன் சாரம். திருச்சபையின் தலைமையிடமிருந்து அவர் எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை. 1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியது. இன்னொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது.

இந்த இரண்டாவது நூலில் நெய்வேலிக்கு நேராகப் பொருந்தும் ஒரு பாகுபாடு இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை பூமி சேர்த்துவைத்த இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அதற்கான போட்டியும் வன்முறையும் கூடும். காற்று, ஓடும் நீர், வளரும் மரம் போன்றவை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரவு. அதை நம்பி வாழும் சமூகத்தில் சமாதானத்துக்கு இடம் உண்டு. அவருடைய மனத்தில் இந்தப் பொருளாதாரமும் அந்த விசுவாசமும் தனித்தனி அறைகளில் இல்லை. ஒரே சிறையில், ஒரே காலத்தில், ஒரே கை எழுதியவை. குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் இறந்தார். நெய்வேலி நிலக்கரி வெளிவர அப்போது இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இந்தப் பள்ளத்தைப் பார்த்திருந்தால் அவர் முதலில் கேட்டிருக்கக்கூடியது டன் கணக்காக இருக்காது, மேலே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மாலையில் மூப்பரின் வீட்டில் அதே கேள்விக்கு வந்து சேர்ந்தோம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அவர் டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடியிருக்கிறார். கன்வேயர் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இரைச்சலில் பழகிய காது என்பதால் கொஞ்சம் உரக்கப் பேசுவார். பெயர் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசத் தொடங்கினார்.

“எங்க ஊரு இப்போ இல்ல தம்பி. ரெண்டாவது சுரங்கத்துக்குப் போயிடுச்சு. அப்பா பேர்ல நிலம் இருந்துது. நிலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலைன்னு எனக்கு வேலை கெடச்சுது. அது ஆண்டவர் குடுத்ததுன்னு சபையில சாட்சி சொன்னேன். எல்லாரும் அல்லேலூயான்னாங்க.”

“அப்புறம் ஏன் ஐயா மனசு கேக்கல?”

“எங்க நிலத்துல ரெண்டு தலைமுறையா ஒழைச்ச குடும்பம் ஒண்ணு இருந்துது. காலனிக்காரங்க. அவங்க பேர்ல பட்டா கிடையாது, அதனால பணமும் கிடையாது, வேலையும் கிடையாது. குடிசையைப் பிரிச்சுக்கிட்டு ரோட்டோரம் போயிட்டாங்க. நான் சைக்கிள்ல ஷிப்டுக்குப் போற வழியிலதான் அந்தக் குடிசை. தெனம் பாப்பேன்.”

லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு சகேயுவின் கதை வாசிக்கப்பட்டதாம். ஆயக்காரனாகப் பணம் சேர்த்தவன், இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னவன். அதைக் கேட்ட மூப்பர் ஐயா வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்து பேசினார். நாம் யாரிடமும் பிடுங்கவில்லையே என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். பிடுங்கவில்லை, ஆனால் அவர்கள் வேர்வைக்கும் சேர்த்து நாம்தான் கூலி வாங்கினோம் என்றாராம் இவர். அந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்குப் போனது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை போனது. மூத்தவர் இன்று நர்ஸாக இருக்கிறார். அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. ஆகவேண்டும் என்று இவர் ஒரு நாளும் கேட்டதும் இல்லை.

பணத்தால் வந்த கஷ்டத்தைவிட உறவால் வந்த கஷ்டம்தான் அதிகம். அவர்களைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்து, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். சொந்தக்காரர்கள் பலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். அன்றைக்கு அந்தச் சபையில் இருந்த ஊழியர் ஒருவர், வெளியே கொடுக்கும் பணத்தைச் சபை நிதியில் போட்டால் ஆசீர்வாதம் அதிகம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இதைத் தர்மம் என்று நான் குறிப்பிட்டதும் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தர்மம்னு எழுதாதீங்க. பாக்கி. பாக்கியத் தீத்தேன்.”

கீழ்ப்படிதலைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் பல. இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. நிலம் எடுக்கும் எந்தத் திட்டத்திலும் பட்டா வைத்திருப்பவரை மட்டுமே சட்டத்தின் கண் எளிதாகக் காணும். குத்தகைக்காரர், கூலிக்காரர், மேய்ச்சல்காரர் கணக்கில் விடுபடுவார்கள். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம்தான் நிலத்தை நம்பி வாழும் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டோர் என்று ஏற்றுக்கொண்டது. ஐயா அந்தச் சட்டத்துக்குப் பல வருஷம் முன்பே, சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் அளவில் அதைச் செய்து முடித்திருந்தார். விசுவாசம் சட்டத்துக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். நடந்தவரை நேரில் பார்ப்பது அபூர்வம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். நெய்வேலியின் சபைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. திருநெல்வேலி, கன்னியாகுமரி, தஞ்சை என்று வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்தவர்களும், தென்னார்க்காட்டுக் கிராமங்களின் பழைய கிறிஸ்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். மன்றாட்டு ஜெபத்தில் நைட் ஷிப்டில் இருப்பவர்களுக்காகத் தனியாக ஜெபித்தார்கள். அந்த வரியில் யாரும் அசையவில்லை. 2020-ல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் பலர் இறந்ததை இந்த ஊரில் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

நிரந்தரத் தொழிலாளர், சொசைட்டித் தொழிலாளர், கான்ட்ராக்ட் தொழிலாளர் என்று இங்கே படிகள் உண்டு. ஒரே இயந்திரத்தில் ஒரே தூசியைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்யும் மூன்று பேருக்கு மூன்று வகைச் சம்பளம். பணிநிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்கள் நீண்டவை. இது தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் உள்ள விஷயம், சபைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். சபைக்கு வேலை இருக்கிறது. நற்கருணைக்கு முழங்கால் போடும்போது மூவரும் ஒரே வரிசையில் போடுகிறார்கள், ஒரே பாத்திரத்திலிருந்து பெறுகிறார்கள். அங்கே சமம் என்று அறிக்கை செய்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் ஒருவர் மற்றவரை ‘கான்ட்ராக்ட் ஆள்’ என்று ஒதுக்கினால் பீடத்தின் முன் சொன்னது பொய்யாகிவிடும். யாகோபின் நிருபம் இதை நேரடியாகவே பேசுகிறது. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் அழுக்கு உடை போட்டவருக்குத் தரையும் காட்டுகிற சபையை அது கண்டிக்கிறது. கூலியைப் பிடித்துவைத்தவனுக்கு எதிராக அந்தக் கூலியே கூப்பிடுகிறது என்றும் சொல்கிறது.

இந்த இடத்தில் எறையூரைச் சொல்லாமல் போக முடியாது. நெய்வேலியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைத் திசையில் இருக்கும் பெரிய கத்தோலிக்கக் கிராமம். ஜெபமாலை அன்னையின் ஆலயம் அங்கே புகழ்பெற்றது. அந்த ஊரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கல்லறை, தலித் கிறிஸ்தவர்களுக்கு வேறொரு கல்லறை. இறந்தவரைக் கொண்டுபோகும் வழியிலும் பாகுபாடு. தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்தது; போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே அன்னையின் தேரை இழுத்தவர்கள், ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, உயிர்த்தெழப்போகிற உடல்களுக்கு நடுவே சுவர் எழுப்புவது நம் திருச்சபையின் ஆகப் பெரிய கீழ்ப்படியாமை என்பது என் தீர்மானமான கருத்து. கத்தோலிக்கர் மட்டும் இதைச் சுமக்கவில்லை. புராட்டஸ்டன்ட் சபைகளிலும் பேராயர் தேர்தல் முதல் பெண் பார்ப்பது வரை சாதிக் கணக்கு ஓடுகிறது. ஐயா வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனவர்கள் எங்கேயோ வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல.

ஆராதனை முடிந்து ஐயாவிடம் விடைபெற்றேன். பரங்கிப்பேட்டைக்குப் போகிறேன் என்றதும், “அங்க என்ன இருக்கு, மீனா?” என்று கேட்டார். ஒரு டென்மார்க்கு அம்மாவின் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன். கேள்விப்பட்டதில்லை என்றார்.

வடலூர் வழியாகப் பயணம். 1867-ல் வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். பசித்தவருக்குச் சோறு போடுவதைத் தம் நெறியின் முதல் கடமையாக வைத்தவர் அவர். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, வருகிறவர் யாராக இருந்தாலும் இலை விழுகிறது. சொன்னதைச் செய்வது எப்படி என்று கிறிஸ்தவர்கள் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலிக்கு அடுத்த ஊரிலேயே பாடம் நடக்கிறது. நானும் அங்கே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து சேத்தியாத்தோப்புச் சாலை. செம்மண் மறைந்து வண்டல் தொடங்குகிறது, இரு பக்கமும் நெல். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில்தான் வளையமாதேவி. 2023 ஜூலையில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற பயிரின் மேல் இயந்திரங்கள் ஏறிய காட்சியைத் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் பல வருஷம் முன்பே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். நிலம் தங்கள் கையில் இருக்கும்வரை விதைத்துக்கொண்டுதான் இருப்போம் என்றார்கள் விவசாயிகள். உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது வயல்கள் அமைதியாக இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், கதிர் வந்த பயிரைப் பார்த்தால் பசுமாட்டைக்கூட விரட்டுவோமே என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, என்னாலும் பேச முடியவில்லை.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் அணைக்கட்டு. அங்கிருந்து ஏறக்குறைய ஆற்றையொட்டியே புவனகிரி, அடுத்து முட்லூர், முடிவில் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் ஆங்கிலேயரும் வந்துபோன துறைமுகம். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். தர்காக்களும் பழைய தெருக்களும் மீன்வலைகளும் உள்ள இந்த ஊரில் சேவா மந்திர் என்ற பெயர் கொண்ட பெண்கள் பள்ளி இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ஆன் மேரி பீட்டர்சன்.

1878-ல் டென்மார்க்கில் பிறந்த பீட்டர்சன், 1909-ல் டேனிஷ் மிஷனின் ஊழியராகத் தென்னார்க்காட்டுக்கு வந்தார். பெண் பிள்ளைகளின் கல்விதான் அவருடைய அக்கறை. ஆங்கிலப் பாடத்திட்டமும் மேல்நாட்டுப் பழக்கமும் தமிழ்ப் பெண்களைத் தங்கள் மண்ணிலிருந்தே பிரித்துவிடுகின்றன என்று அவருக்குத் தோன்றியது. டென்மார்க்கில் குருண்ட்விக் என்ற இறையியலாளர், தாய்மொழியிலும் மக்களின் சொந்தப் பாட்டிலும் கதையிலும் நடக்கும் மக்கள் பள்ளிகளுக்கு வித்திட்டிருந்தார். அந்தக் காற்றில் வளர்ந்தவர் இவர். 1917 தொடக்கத்தில், எஸ்தர் பேரிங் என்ற இளைய மிஷனரியோடு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். இருவர் வாழ்க்கையும் அங்கே மாறிவிட்டது. காந்தி எஸ்தரை மகளாகவே ஏற்றுக்கொண்டு பல வருஷம் கடிதம் எழுதினார்.

அது உலகப் போர்க் காலம். பிரிட்டிஷார் அல்லாத மிஷன்கள் அரசுக்கு விசுவாசமாக இருப்போம், அரசியலில் தலையிட மாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் இந்தியாவில் இருக்க முடியும். காந்தியோடு பழகும் இரண்டு டேனிஷ் பெண்களால் மிஷன் முழுவதுக்கும் ஆபத்து வரலாம். அதனால் மிஷன் அவர்களைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. மிஷனின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பள்ளிகள், மருத்துவமனைகள், அனாதைப் பிள்ளைகள் என்று அதன் தலையில் பெரிய பொறுப்பு இருந்தது. எஸ்தர் முதலில் விலகினார். பின்னர் ஒரு இந்திய மருத்துவரை மணந்து எஸ்தர் மேனன் ஆனார். பீட்டர்சனும் மிஷனிலிருந்து வெளியே வந்தார். சம்பளம் இல்லை, பின்னால் நிற்க அமைப்பு இல்லை, வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சொந்த ஊர்க்காரர்களே சந்தேகத்தோடு பார்த்தார்கள், அரசு கண்காணித்தது.

அந்த நிலையில்தான் பரங்கிப்பேட்டையில் கிறிஸ்தவப் பெண் பிள்ளைகளுக்கான தேசியப் பள்ளியைத் தொடங்கத் துணிந்தார். 1921 செப்டம்பரில் காந்தி நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். இங்கிருந்து தெற்கே போன அதே பயணத்தில், சில நாட்களில் மதுரையில்தான் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். பள்ளியில் தமிழில் பாடம் நடந்தது, ராட்டை சுற்றியது. பீட்டர்சன் கதர் உடுத்தி, 1951-ல் இறக்கும்வரை இந்த ஊரின் மனுஷியாகவே வாழ்ந்தார்.

கிறிஸ்துவை விட்டுவிட்டுக் காந்தியிடம் போய்விட்டார் என்று அவரைப் பற்றி அன்று பேசியவர்கள் உண்டு. பள்ளி வளாகத்தின் நிழலில் நடந்தபோது எனக்கு அது முற்றிலும் தவறான கணக்கு என்று பட்டது. மலைப்பிரசங்கத்தை எழுத்துப்படி எடுத்துக்கொண்ட ஒருவரைக் கண்டதும், அதே பிரசங்கத்தைத் தன் வேதமாக வைத்திருந்த அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மிஷனுக்குக் கொடுத்த வாக்கும் எஜமானுக்குக் கொடுத்த வாக்கும் மோதியபோது எஜமானுக்குக் கொடுத்ததைக் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றுவதற்கு அவர் கொடுத்த விலை, அந்த வயதில் தனியாக ஒரு புது ஊருக்கு வந்து புதிதாகத் தொடங்கியது.

குமரப்பா தொழிலை விட்டார், பீட்டர்சன் மிஷனை விட்டார், நெய்வேலி ஐயா சம்பளத்தில் ஒரு பங்கையும் சாதிசனத்தின் மரியாதையையும் விட்டார். மூன்று பேரும் விசுவாசத்தின் பேரால் யாரையும் அடக்கவில்லை, யார் மீதும் சட்டம் போடவில்லை. கீழ்ப்படிதலைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் போதிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவர்கள் அதைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டார்கள்.

சபைப் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தாவீதையும் தானியேலையும் சொல்லுங்கள், லிவிங்ஸ்டனைச் சொல்லுங்கள். அவர்களோடு தஞ்சாவூர் குமரப்பாவையும் பரங்கிப்பேட்டை பீட்டர்சனையும் சொல்லுங்கள். நெய்வேலிப் பிள்ளைகளானால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சேவா மந்திரையே காட்டலாம். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பஸ் மாறி மாறிக் காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். போகும் வழியில் வளையமாதேவியில் இறங்கி அந்த வயல்காரர்களையும் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள்.